"மனம் வரேல்லை" என்பது ஒரு காரணமா?

கேள்வி (2024 புரட்டாதி 29)

தம்பிக்கு 26 வயது. கட்டாருக்கு வேலைக்குப் போக எல்லாம் சரிவந்தது. விசா வந்தது, முகவருக்குக் காசு கட்டினோம், அம்மாவின் சங்கிலி அடகில் இருக்கிறது. கிளிநொச்சியில் இரவு பஸ் ஏற்றிவிட்டுத்தான் வந்தேன். முறிகண்டியில் பஸ் நின்றபோது எல்லோரையும் போல இறங்கியிருக்கிறான். திரும்ப ஏறவில்லை. விடியக் காலை படலையைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறான். ஏனடா என்று கேட்டால் "மனம் வரேல்லை" என்கிறான். பயமா என்றால் இல்லை, காதலா என்றால் இல்லை. ஏதோ ஒளிக்கிறான் என்கிறார் அப்பா. காரணமே இல்லாமல் ஒருவன் இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்வானா?

புரட்டாதி 29, இரவு

ஒளிக்கிறான் என்று முடிவு கட்டவேண்டாம். முதலில் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: இறங்கும்போது கையில் பை இருந்ததா?

புரட்டாதி 30

நேற்றுப் படுத்த பிறகும் இதே யோசனை. "ஏன்" என்று நாம் கேட்கும்போது ஒரு சொல்லுக்குள் இரண்டு கேள்விகளை வைத்துக் கேட்கிறோம். வாளி ஏன் கிணற்றுக்குள் விழுந்தது? கயிறு அறுந்ததால். இது எதனால். பெடியன் ஏன் கடைக்குப் போனான்? சீனி வாங்க. இது எதற்காக. வாளிக்கு எதற்காக என்ற கேள்வி கிடையாது. மனிதனுக்கு இரண்டும் உண்டு, அங்கேதான் சிக்கல். உங்கள் அப்பா எதற்காக என்று கேட்கிறார். தம்பி சொல்லும் பதில் எதனால் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. கயிறு அறுந்தது போல, மனம் வரேல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். "நான் போகவில்லை" என்றால் செய்தவன் நான். "எனக்குப் போக மனம் வரேல்லை" என்றால் வராமல் விட்டது மனம், நான் பக்கத்தில் நிற்கிறேன். கோபம் வந்தது, விருப்பம் வந்தது, நித்திரை வந்தது என்று எல்லாவற்றையும் வாசலால் வந்த விருந்தாளி போலத்தான் நம் பாஷை சொல்கிறது. அப்பாவுக்கு அது தட்டிக்கழிக்கும் பேச்சாகக் கேட்கிறது. எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

எலிசபெத் அன்ஸ்கோம் என்ற பிரித்தானியத் தத்துவ அறிஞர் 1957இல் இதைப் பற்றிச் சிறிய புத்தகம் ஒன்று எழுதினார். வேண்டுமென்று செய்த செயல் எது என்றால், ஏன் என்ற கேள்வி ஒரு குறிப்பிட்ட பொருளில் பொருந்துகிற செயல் என்றார். "நான் அதைச் செய்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியாது" என்று ஒருவர் சொன்னால் கேள்வி அங்கே பொருந்தாது, விழுந்துவிடும். ஆனால் "குறிப்பாக ஒரு காரணமும் இல்லை" என்று சொன்னால் கேள்வி விழாது. சட்டைப்பைக்குள் எவ்வளவு காசு என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்பதும் ஒரு பதில், அதுபோல. இதை முதலில் வாசித்தபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். நம்மிடம் இதற்கு ஒற்றைச் சொல்லே இருக்கிறதே: சும்மா.

அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 2010இல், போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து எங்களை ஊருக்கு விட்டார்கள். வீடு இல்லை, சுவர் மட்டும். தென்னைகள் வட்டு இல்லாமல் கறுத்த கம்பங்களாக நின்றன. எல்லோரும் தறப்பாள் கட்ட ஓடித்திரிகிறார்கள். என் அப்பாவுக்கு அப்போது 71 வயது. அவர் எங்கோ போய்த் தென்னங்கன்றுகள் வாங்கிவந்து நடத் தொடங்கினார். கிடங்கின் அடியில் உரிமட்டை பரப்பி, ஒரு சிரட்டை உப்புப் போட்டு, மேலே மண்ணும் சாம்பலும். படுக்க இடம் இல்லை, தென்னை நடுகிறார். "ஏனப்பா இப்ப இது?" என்றேன். நிமிரவில்லை. "சும்மா தான்" என்றார்.

பன்னிரண்டு கன்றுகள். செத்துப்போன மரங்களும் பன்னிரண்டு. அவர் துக்கம் காத்தார் என்று அன்றைக்கே விளங்கிக்கொண்டேன். வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொன்னார்.

ஐப்பசி 2

பதில் வந்துவிட்டது. பெரிய பெட்டி பஸ்ஸின் அடியில் இருந்தது, அது கொழும்புக்குப் போய்விட்டது. கடவுச்சீட்டு இருந்த சின்னப் பையை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறான்.

பை இருந்தால் இருக்கையிலேயே முடிவெடுத்துவிட்டான், இல்லையென்றால் இறங்கிய பிறகு எடுத்தான் என்று எனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இந்தப் பதில் அதைக் குழப்பிவிட்டது. கடவுச்சீட்டை யாரும் பஸ்ஸுக்குள் விட்டுவிட்டு இறங்கமாட்டார்கள்.

ஐப்பசி 3

முறிகண்டியைப் பற்றியே கொஞ்சம். ஏ9 வீதியால் போகிற வாகனம் பிள்ளையாரைக் கடந்து சும்மா போகாது. பஸ், பாரவூர்தி, ஹையேஸ் எல்லாம் நிற்கும். தேங்காய் உடைப்பார்கள், கற்பூரம் கொளுத்துவார்கள், கச்சான் வாங்குவார்கள். ஒருமுறை பாரவூர்தியில் வவுனியாவுக்கு வந்தேன். சாரதிக்குச் சாமி நம்பிக்கை இல்லை, வழியெல்லாம் அதைத்தான் கதைத்தார். முறிகண்டி வந்ததும் பிரேக்கில் கால் போய்விட்டது. ஏனண்ணை என்றேன். முதலில் "வழமை" என்றார். கொஞ்சம் பொறுத்து "கால் ஆறவேணும்" என்றார். மாங்குளம் தாண்டும்போது, நான் மறந்தே போன நேரத்தில், தானாகவே சொன்னார்: "எங்கட அப்பரும் லொறி ஓடினவர். அவர் நிப்பாட்டுவார்."

மூன்று பதில், மூன்றும் பொய்யில்லை. எது உண்மையான காரணம் என்று நெடுநாள் யோசித்தேன். மூன்றாவதுதான் என்று முன்பு பலரிடம் சொல்லியிருக்கிறேன், அது ஆழமாகத் தெரிகிறது என்பதற்காக. ஆழமாகத் தெரிவதும் உண்மையாக இருப்பதும் ஒன்றா? இன்றைக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை.

ஐப்பசி 3, பின்னேரம்

ஒருவர் எழுதியிருக்கிறார்: "இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? தம்பிக்கு மன உறுதி இல்லை. வினைத்திட்பம் என்று வள்ளுவர் ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார்."

வைத்திருக்கிறார்தான். ஆனால் உறுதி இல்லை என்று சொல்லவேண்டுமானால், போவதுதான் நல்லது என்று தம்பியே தீர்மானித்திருந்தான் என்று முதலில் காட்டவேண்டும். நல்லது எதுவென்று தெரிந்தும் ஆசைக்கு இழுபட்டு வேறொன்றைச் செய்வதை அரிஸ்டோட்டில் அக்ராசியா என்று சொல்லி நீளமாக ஆராய்ந்தார். அதில் தீர்மானம் செய்கிறவனுடையதாக இருக்கவேண்டும். இங்கே யார் தீர்மானித்தது? முகவர், மாமா, அடகுக்கடை, கட்டாரில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன். தம்பி ஓம் என்றான். வன்னியில் ஒரு பெடியன் ஓம் என்பதற்கு ஆயிரம் அர்த்தம்.

பேர்னாட் வில்லியம்ஸ் என்ற பிரித்தானியத் தத்துவ அறிஞர் 1979இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நேரே உதவும். ஒருவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்றால் அவன் உள்ளே ஏற்கெனவே இருக்கிற ஏதோ ஒன்றிலிருந்து, விருப்பமோ பற்றோ கொள்கையோ, அவன் யோசித்து அந்தக் காரணத்தை வந்தடைய முடியவேண்டும் என்றார். வெளியிலிருந்து மற்றவர்கள் "உனக்குப் போகக் காரணம் இருக்கிறது" என்று எத்தனை தரம் சொன்னாலும், உள்ளே பிடிக்க ஒரு கொளுக்கி இல்லாவிட்டால் அது அவனுடைய காரணம் ஆகாது.

அம்மாவின் சங்கிலி கொளுக்கி இல்லையா என்று கேட்பீர்கள். அதுதான் கொளுக்கி. அதனால்தான் கிளிநொச்சி வரை வந்து பஸ்ஸிலும் ஏறினான்.

ஐப்பசி 9

வயல் வேலை, நாலைந்து நாள் இந்தப் பக்கம் வர முடியவில்லை. காலபோக விதைப்பு.

வாய்க்கால் கரையில் நடந்த ஒன்று இதோடு சேரும். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுபோகம். குளத்தில் தண்ணீர் குறைவு, கூட்டத்தில் முறை வைத்துத்தான் விட்டோம். ஒருவர் இரவில் தன் முறைக்கு மேலே இரண்டு மணித்தியாலம் கூடத் தண்ணீர் எடுத்துவிட்டார். வாய்க்காலின் கடைசி வயல் வெடித்துப்போனது. அடுத்த கூட்டத்தில் பெரிய சண்டை. கடைசி வயல்காரர்: "வேணுமெண்டு என்ர வயலைக் காய விட்டவன்!" எடுத்தவர்: "நான் என்ர வயலுக்குத் தண்ணி விட்டனான், உன்ர வயலைக் காய விடேல்லை!"

ஒரே கை, ஒரே சக்கரம், ஒரே சுற்று. துருசுச் சக்கரத்தைச் சுற்றினார், தண்ணீர் திறந்தார், தன் பயிரைக் காத்தார், மற்றவர் பயிரைக் கெடுத்தார். அன்ஸ்கோமும் இப்படித்தான் ஓர் ஆளைக் காட்டுகிறார்: பம்பியின் பிடியை மேலும் கீழும் ஆட்டி, நஞ்சு கலந்த தண்ணீரை ஒரு வீட்டுத் தொட்டிக்கு ஏற்றுகிற ஆள். நான்கு செயல் இல்லை, ஒரு செயலுக்கு நான்கு விவரணை. எந்த விவரணையின் கீழ் அது வேண்டுமென்று செய்தது என்பதுதான் சண்டை. காயும் என்று அவருக்குத் தெரியும். காயவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

"வேணுமெண்டு" என்ற சொல்லை ஒருக்கால் சொல்லிப் பாருங்கள். வேண்டும் என்று. விருப்பத்தை உள்ளே வைத்துத்தான் நாம் நோக்கத்தைச் சொல்கிறோம். எதிர்ப்பக்கம் தற்செயல், தன் செயல், தானாய் நடந்தது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற இந்தத் தண்ணீர்க்காரருக்கு நம்மிடம் சொல் இல்லை. அதனால் கூட்டம் இரவு பதினொரு மணி வரை இழுபட்டது.

2003இல் ஜோசுவா நோப் என்ற அமெரிக்கர் மக்களிடம் ஒரு கதை சொல்லிக் கேட்டார். ஒரு கம்பனித் தலைவர் இலாபத்துக்காக ஒரு திட்டம் தொடங்குகிறார். அது சுற்றாடலைக் கெடுக்கும் என்று தெரியும், "எனக்கு அக்கறை இல்லை" என்கிறார். கெடுகிறது. வேண்டுமென்று கெடுத்தாரா? 82 வீதம் பேர் ஆம் என்றார்கள். அதே கதையில் கெடுக்கும் என்பதை எடுத்துவிட்டு, நன்மை செய்யும் என்று போட்டுக் கேட்டார். வேண்டுமென்று நன்மை செய்தார் என்றவர்கள் 23 வீதம்தான். நன்மை தீமை பார்த்த பிறகுதான் நோக்கத்தை முடிவு செய்கிறோம்.

உங்கள் அப்பாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். தம்பி இறங்கியதால் காசு போனது. அதனால்தான் அதற்குள் ஒரு ஒளிப்பு இருக்கவேண்டும் என்று படுகிறது. இதே தம்பி காரணம் சொல்லாமல் பரீட்சைக்குப் படித்துச் சித்தியடைந்திருந்தால் யாராவது விசாரணை வைப்பார்களா?

ஐப்பசி 10

மேலே உள்ள கடைசி வரி கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அடகு வைத்தது உங்கள் வீடு, கேட்கும் உரிமை உண்டு. மன்னியுங்கள்.

ஐப்பசி 12

படிப்பிக்கிற ஒருவர் நல்ல தடை ஒன்று எழுப்பியிருக்கிறார். எதனால், எதற்காக என்று நான் இரண்டாகப் பிரித்தது பிழையாம். டொனால்ட் டேவிட்சன் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 1963இலேயே அதை மறுத்துவிட்டார் என்கிறார்.

உண்மைதான். அவர் வாதத்தை வளவுக்குள் கொண்டுவந்து சொல்கிறேன். அப்பா தென்னை நடுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட நியாயம் இருந்தது. காணிப் பேர்மிட் இடம்பெயர்வில் தொலைந்துபோனது. வளவில் நட்டது நின்றால் "இது எங்கட காணி" என்பதற்கு ஒரு சாட்சி. அண்ணன் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார். பேரப்பிள்ளைகளுக்குத் தேங்காய் வேண்டும் என்பது பக்கத்து வீட்டு மாமியின் கதை. "அவற்ற கை சும்மா இராது" என்பது அம்மா. எல்லாமே அவருக்குப் பொருந்தும். ஆனால் பொருந்துவது வேறு, அதனால் செய்தது வேறு. ஒருவனிடம் ஒரு நியாயம் இருக்கும், அதற்கேற்ற செயலையும் செய்வான், ஆனாலும் அந்த நியாயத்தால் செய்திருக்கமாட்டான். அந்த "ஆல்" எங்கிருந்து வருகிறது? நியாயமே செயலைத் தள்ளிவிட்ட காரணமாகவும் இருந்தால்தான் வரும் என்றார் டேவிட்சன். ஆக எதற்காக என்பதற்குள்ளும் ஓர் எதனால் ஒளிந்திருக்கிறது.

சரி, ஒத்துக்கொள்கிறேன். புரட்டாதி 30இல் எழுதியதில் அந்தப் பகுதி அரைகுறை. ஆனால் ஒத்துக்கொண்ட பிறகு நிலைமை இன்னும் கஷ்டமாகிறது. நான் சொன்ன துக்கத்தையும் சேர்த்தால் நான்கு நியாயம், அதில் எது தள்ளியது என்று எப்படிப் பார்ப்பது? அப்பாவையே கேட்டாலும் அவர் உள்ளே போய்ப் பார்த்துச் சொல்லப்போவதில்லையே.

ஐப்பசி 17

அக்கா இதை வாசித்துவிட்டு ரொறன்ரோவிலிருந்து அழைத்தாள். நேரே விஷயத்துக்கு வந்தாள். "பன்னிரண்டு எங்க இருந்தது? ஒன்பது. அந்த மனிசனிட்டை ஒன்பது கன்றுதான் இருந்தது, நான்தானே கூடப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தனான்." செத்த மரங்கள் எத்தனை என்றேன். பதினான்கோ பதினைந்தோ, யார் எண்ணினது என்றாள்.

இரவு முழுக்க நித்திரை இல்லை. பதினான்கு வருடம் நான் அந்தப் பன்னிரண்டைச் சுமந்து திரிந்திருக்கிறேன். நண்பர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பொய் சொல்ல நினைத்ததில்லை. அப்பா துக்கம் காத்தார் என்று முதலில் முடிவெடுத்துவிட்டேன், பிறகு எண்ணிக்கை அதற்கு ஏற்றாற்போல வந்து நின்றுவிட்டது.

1977இல் நிஸ்பெட், வில்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. ஒரு கடையில் நான்கு சோடி நைலோன் காலுறைகளை வரிசையாக வைத்து எது திறம் என்று கேட்டார்கள். நான்கும் ஒரே மாதிரி. வலப்பக்கக் கடைசியில் இருந்ததை 40 வீதம் பேர் எடுத்தார்கள், இடப்பக்க முதலாவதை 12 வீதம். ஏன் என்றால் துணி, நெசவு என்று சொன்னார்கள். இருந்த இடத்தால் எடுத்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. இதை மற்றவர்களுக்குப் பாடமாகச் சொல்லுவேன். தங்கள் செயலுக்கே அவர்கள் அப்படிக் காரணம் கட்டினார்கள். நான் இன்னொருவருடைய செயலுக்குக் கட்டியிருக்கிறேன்.

ஐப்பசி 18

யாரோ லிபெட் என்ற மூளை ஆய்வாளரின் 1983 பரிசோதனையைக் கொண்டுவந்திருக்கிறார்கள்: மனிதன் முடிவெடுத்ததாக உணர்வதற்கு முன்பே மூளையில் அசைவு தொடங்கிவிடுகிறது, ஆகவே தம்பி முடிவெடுக்கவே இல்லை. அது மணிக்கட்டை மடக்குகிற ஒரு கணத்தைப் பற்றியது, கணக்கு ஒரு செக்கனுக்குள். கட்டாருக்குப் போகாமல் விடுவதற்கு அது காணாது. அதை விடுவோம்.

கார்த்திகை 30

வெள்ளம். மூன்று நாள் மின்சாரம் இல்லை. இன்றைக்குத்தான் அப்பா வீட்டுக்குப் போக முடிந்தது. வளவு முழுக்க முழங்கால் தண்ணீர் நின்று வடிந்திருக்கிறது, தென்னைகளில் சேற்றுக்கோடு. அவருக்கு இப்போது 85. விறாந்தையில் இருந்துகொண்டு எந்தப் பக்கத்தால் வெட்டிவிட்டால் தண்ணீர் ஓடும் என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்ணினேன். ஒன்பது. எட்டு ஒரே வரிசையில், நூல் பிடித்த மாதிரி. ஒன்று மட்டும் வரிசைக்கு வெளியே, வேலிப் பக்கம் சாய்ந்து. அவ்வளவு காலம் கண்ணில் பட்டும் ஏனென்று கேட்கவில்லை.

கேட்டேன். "அது பங்கர்," என்றார்.

நாங்கள் ஒளிந்து கிடந்த பங்கர். திரும்பி வந்தபோது பாதி இடிந்து, தண்ணீர் நின்றதாம். அதை மூடிவிட வேண்டும் என்று மண்ணைத் தள்ளினாராம். தள்ளத்தள்ள நடுவில் ஒரு கிடங்கு மிஞ்சியதாம். "கிடங்கு கிடந்தது. கிடங்கு இருந்தா தென்னை வைக்கலாம் தானே. அதை வைச்சன். பிறகு ஒண்டு மட்டும் நிண்டா வடிவில்லை எண்டு மற்றதையும் வைச்சன்."

அப்படியென்றால் முதலில் நட்டது அதையா என்றேன். ஓம் என்றார். அம்மா குசினிக்குள் இருந்து, இல்லை, அதைக் கடைசியாகத்தான் வைத்தவர், கன்று ஒன்று மிஞ்சிப்போய்விட்டது என்றார். இரண்டு பேரும் அதில் பிடிவாதமாக நின்றார்கள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் வெட்டிவிடப் போனேன்.

துக்கம் காத்தார் என்று நான் சொன்னது பிழை என்று இப்போதும் எழுத முடியவில்லை. சரி என்றும் எழுத முடியவில்லை. பங்கரின் மேல் ஒரு தென்னை நிற்கிறது. அதற்கு நான் ஒரு வசனம் கட்டினால் அது என்னுடைய வசனமாகத்தான் இருக்கும்.

மார்கழி 8

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியதை அவர் சம்மதத்தோடு இங்கே போடுகிறேன். தம்பி வெள்ளத்தில் உடைந்த வரம்பு கட்டிக்கொண்டு வயலில் நிற்கிறானாம். பெட்டி கொழும்பிலிருந்து வந்துசேர்ந்துவிட்டதாம். அப்பா இன்னும் முழுதாக ஆறவில்லை. ஒருநாள் வரம்பில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது, ஒருவரும் கேட்காமல் தம்பியே கதைத்தானாம்:

"கச்சான் வாங்கிக்கொண்டு நிண்டனான். கை சுட்டுது. சாரதி கோன் அடிச்சவர். கால் எழும்பேல்லை எண்டில்லை, எழும்பினது. பஸ் பக்கம் எழும்பேல்லை."

இதற்கு என்ன விளக்கம் என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பயம், வீட்டுப் பற்று, ஓம் என்று சொல்லிய பாரம் என்று மூன்று நான்கு என் கைவசம் உடனே வந்தன, எழுதியும் பார்த்தேன், அழித்துவிட்டேன். அவன் சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அப்பாவிடம் அப்படியே சொல்லுங்கள். கச்சான் சூடாக இருந்தது என்பதையும் விடவேண்டாம்.